நாற்பத்திரண்டு கடிதங்கள், ஒரு சீல்

பதினோரு நிமிடத்தில் நாற்பத்திரண்டு கடிதங்கள் எழுதி முடித்தேன். எழுதினேன் என்பதே பொய். ஆனால் அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் அப்படித்தான் சொன்னேன், நாலு பேர் காதில் விழட்டும் என்றே சொன்னேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. காரைக்காலில் கடற்கரைப் பக்கமாக இருக்கிற ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். வகுப்பாசிரியையும் நான்தான். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. வீடு வரிச்சிக்குடியில், ஸ்கூட்டரில் வந்துபோவேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், நான் மட்டும் இங்கே சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு எப்போதும் இருந்தது. ஏ.ஐ. கைக்கு வந்ததும் அந்த அரிப்புக்கு மருந்து கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

டீச்சர் வேலையில் பாதி எழுத்து வேலை என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. வாராவாரம் பாடக்குறிப்பு, வினாத்தாள், விடைக்குறிப்பு, பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சித்தாள், ஆண்டுவிழாவுக்கு வரவேற்புரை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க விழுங்குகிற வேலையை நான் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்தேன். ஒரே மாதத்தில் ஸ்டாஃப் ரூமில் என் மேஜையைச் சுற்றிக் கூட்டம். "எனக்கும் ஒன்னு போட்டுக் குடும்மா, எட்டாம் வகுப்பு வரலாறு." நானும் போட்டுக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

வகுப்பிலும் அப்படித்தான். செல் பாடம் வந்தது. புத்தகத்தில் செல்லை ஒரு தொழிற்சாலையோடு ஒப்பிட்டிருக்கும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மீனவக் குடும்பங்கள், தொழிற்சாலையை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? "இதை மீன்பிடித் துறைமுகத்தோடு ஒப்பிட்டுச் சொல்" என்று கேட்டேன். படத்தோடு கொடுத்தது. நியூக்ளியஸ் என்றால் துறைமுக அலுவலகம், செல் சவ்வு என்றால் வாசல் கேட், மைட்டோகாண்ட்ரியா என்றால் ஐஸ் கம்பெனி. புரொஜெக்டரில் போட்டுப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"மிஸ், ஐஸ் கம்பெனி எப்புடி மிஸ் மைட்டோகாண்ட்ரியா ஆகும்? மைட்டோகாண்ட்ரியா சக்தி குடுக்கணும்ல. அது டீசல் பங்க் மிஸ்."

"அப்ப ஐஸ் கம்பெனி எது?"

"வேக்யோல் மிஸ். எல்லாத்தையும் சேத்து வெக்கிற எடம்."

வகுப்பே கைதட்டியது. பின்னாலிருந்து ஒருவன், "மிஸ், அவளையே பாடம் எடுக்கச் சொல்லிட்டு நீங்க உக்காந்துக்குங்க மிஸ்" என்றான். நானும் சிரித்துக்கொண்டே படத்தில் ஐஸ் கம்பெனியை அழித்து டீசல் பங்க் என்று போட்டேன். அன்றுவரை நான் அந்தத் துறைமுகத்துக்குள் போனதே கிடையாது. மீன் எங்கள் தெருவுக்குத்தான் வரும். கொண்டுவருவதும் இவளுடைய அம்மாதான். வாரத்தில் மூன்று நாள், ஒரு பழைய மொபெட்டின் பின்னால் கூடை கட்டிக்கொண்டு வருவார். நான் அவர் மகளுக்கு டீச்சர் என்று தெரிந்த பிறகு எங்கள் அம்மாவுக்கு எடை போட்டதற்கு மேல் இரண்டு மீன் கூடுதலாக விழும். "டீச்சர் வூடுல்ல" என்பாராம்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் அம்மாவோடு ஹார்பருக்குப் போவாள். ஏலம் எடுத்த மீனை வகை பிரித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிக் குளித்துவிட்டு, முதல் மணிக்கு வந்து நிற்பாள். இரண்டாவது பீரியடில் கண் செருகும். கணக்கு என்றால் மட்டும் விழித்துக்கொள்வாள். அவளுக்கு முன்னால் யாராவது கணக்கைத் தப்பாகப் போட்டால் அவளால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து போய் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாள். பையன்கள் பெஞ்சாக இருந்தாலும் போவாள். "தள்ளுடா" என்று தோளை இடித்து உட்காருவாள். பத்து முடித்துவிட்டு அறிவியல் பிரிவு எடுக்க வேண்டும் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். ஒரு தடவை சொன்னது ஆசை. இரண்டாவது தடவை, எந்தப் பள்ளியில் என்ன மதிப்பெண் கேட்பார்கள் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்.

பிப்ரவரி தொடக்கத்தில் பிரின்சிபல் மேடம் கூப்பிட்டார். அடுத்த வருட அட்மிஷன் தொடங்குகிற நேரம். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தாகிவிட்டது. ‘ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கவனம்’ என்று, யாருடைய குழந்தையோ ஒன்று அதில் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு பேரன்ட்டுக்கும் தனித்தனி லெட்டர் போகணும்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. அந்தப் புள்ளையப் பத்தி மட்டும் ஒரு பக்கம். தமிழ்ல. முடியுமா?"

"ரெண்டு நாள்ல தர்றேன் மேடம்" என்றேன். பதினோரு நிமிடத்தில் முடியும் என்று தெரிந்தேதான் இரண்டு நாள் கேட்டேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி குறிப்பு அடித்துக் கொடுத்தேன். அவளுக்கு அடித்தது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது: ‘விடிகாலை ஹார்பர் போகிறாள், வகுப்பில் தூக்கம். பையன்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்து கணக்கு சொல்லித் தருகிறாள். சேட்டை. கெட்டிக்காரி.’ சிரித்துக்கொண்டேதான் அடித்தேன். அதற்குக் கீழே, பெற்றோருக்கு, மரியாதையான அலுவல் நடையில், ஒரு பக்கம் என்று சேர்த்தேன். எந்திரம் ஓட ஆரம்பித்தது.

பக்கத்து மேஜையில் தமிழய்யா. அவருக்கு ஐம்பதைத் தாண்டியாயிற்று, ஏ.ஐ. என்றாலே முகத்தைச் சுளிப்பவர். முதல் மூன்று கடிதங்களை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஒற்றுப்பிழைகூட இல்லையேம்மா. என்னைவிட நல்லா எழுதுது இந்தச் சனியன்."

"பாத்தீங்களா ஐயா!"

"சரி, மத்ததெல்லாம் பாக்கணுமா?"

"வேண்டாம் ஐயா. எல்லாம் ஒரே தரமாத்தான் இருக்கும்."

"அப்ப அடுத்த வாரம் ஒரு பணிநிறைவு விழா இருக்கு. வாழ்த்துரை ஒன்னு அடிச்சுக் குடு. கொஞ்சம் உருக்கமா."

அவளுடைய கடிதம் முதல் மூன்றில் ஒன்றாக இருந்திருந்தால் அவர் பார்த்திருப்பாரா என்று இப்போதும் சில நேரம் யோசிக்கிறேன். பார்த்திருந்தாலும் ஒற்றுப்பிழைதான் தேடியிருப்பார். அவளுடையது முப்பத்தேழாவது.

பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு மேடம் அறைக்கு எடுத்துப்போனேன். அவருக்குக் காகிதம் வெறுமையாகத் தெரிந்தது. முன்னேற்ற அட்டையில் எப்போதும் வகுப்பாசிரியர் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். "லெட்டர்னா ஒரு கெத்து வேணாமா?" என்று டிராயரிலிருந்து பள்ளியின் வட்ட சீலை எடுத்துக் கொடுத்தார். ஊதா மை. நாற்பத்திரண்டு காகிதத்திலும் குத்தினேன். உறையை ஒட்டி, ஒட்டின இடத்திலும் ஒரு குத்து. கை வலித்தது. அந்த மொத்த வேலையில், கையெழுத்தைத் தவிர, நான் உடம்பால் செய்தது அது ஒன்றுதான்.

உறைகளைப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்பினேன். பிரிக்கக் கூடாது, அப்பா அம்மா பெயருக்கு, என்று சொல்லிவிட்டேன். "மிஸ், எல்லாருக்கும் வேற வேறயா எழுதினீங்களா?" என்று கேட்டாள் அவள். "ஆமா" என்றேன். "நாப்பத்திரெண்டு பேருக்குமா!" என்று உறையை நெற்றியில் தட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மொபெட் எங்கள் தெருவுக்கும் வரவில்லை. மதிய இடைவேளையில் போன் போட்டேன். அவள் அம்மாதான் எடுத்தார்.

"அவ இனிமே வரமாட்டா டீச்சர்."

"ஏங்க? உடம்பு சரியில்லையா?"

யாரையோ உள்ளே போகச் சொன்னார். பிறகு, "அந்தக் கடுதாசி நீங்க எழுதினதுதான?" என்றார்.

அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்து முப்பத்தேழாவது கடிதத்தை முதல் தடவையாகப் படித்தேன்.

‘தங்கள் மகள் அதிகாலை வேளைகளில் வீட்டிற்கு வெளியே இருப்பதும், வகுப்பு நேரத்தில் மாணவர்களின் இருக்கைகளுக்குச் சென்று அவர்களுடன் அமர்ந்து நேரம் செலவிடுவதும் அவரது கவனச் சிதறலுக்குக் காரணமாக அமைகின்றன. வகுப்பறையில் அவர் சோர்வுடன் காணப்படுகிறார். அவரது நட்பு வட்டத்தையும் நடவடிக்கைகளையும் பெற்றோர் உன்னிப்பாகக் கண்காணிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

கடைசிப் பத்தியில் ‘சிறந்த ஆற்றல் கொண்டவர்’ என்று இருந்தது. என் ‘கெட்டிக்காரி’ அதுதான். கணக்கு என்ற சொல்லே எங்கும் இல்லை. தேடிப் பார்த்தேன். இல்லை. பொய் ஒரு வரிகூடக் கிடையாது. எல்லாம் நான் கொடுத்தது. நான் சிரித்துக்கொண்டு கொடுத்ததை அது சிரிக்காமல் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

பள்ளி விட்டதும் ஸ்கூட்டரை அவர்கள் குப்பத்துக்கு விட்டேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். அவள் அம்மா வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். கோபத்திலும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை.

"எங்க ஊருல சீல் போட்ட கடுதாசி வந்தா நாங்க பிரிக்கறதில்ல டீச்சர். பஞ்சாயத்தார்கிட்ட குடுத்துடுவோம். வீடு ஒதுக்குனப்ப அப்புடித்தான், நெவாரணம் வந்தப்ப அப்புடித்தான். மேரிலேருந்து வரிக் காயிதம் வந்தாலும் அப்புடித்தான். ஊரு சேந்து கேட்டாத்தான் பின்னால ஒன்னுன்னா ஊரு நிக்கும்."

நகராட்சியை எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேரில் மேரி என்பார்கள். அந்த மேரியின் சீலும் எங்கள் பள்ளியின் சீலும் அவருக்கு ஒன்று. வட்டமாக, ஊதாவாக இருந்தால் போதும், அது ஊர் கேட்க வேண்டிய காகிதம். வரிச்சிக்குடியில் சீல் போட்ட காகிதம் வந்தால் எங்கள் அப்பா அதை பீரோவில் வைத்துப் பூட்டுவார். பத்துக் கிலோமீட்டர் தாண்டி இல்லை இந்தக் குப்பம். எனக்கு இது தெரியாது.

"எதோ பரிசு, ஒதவித்தொகைன்னு நெனச்சிட்டேன். சாயங்காலம் வலைக் கூடத்துல எல்லாரும் இருந்தாங்க. எம் பொண்ணப் பத்தி எழுதியிருக்கு, சத்தமாப் படிங்கன்னு நாந்தான் சொன்னேன்." கூடையைக் கவிழ்த்து வைத்தார். "நாந்தான் சொன்னேன் டீச்சர்."

விடிகாலையில் வெளியே இருக்கிறாள், ஆம்பளைப் பிள்ளைகளோடு உட்காருகிறாள், கண்காணியுங்கள். முப்பது நாற்பது பேர் நடுவில், பள்ளிக்கூடத்துச் சீலோடு. விடிகாலையில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் அவளோடு அதே ஏலக் கூடத்தில் நிற்பவர்கள். ஆனால் படித்தவர்கள் எழுதி சீல் குத்தி அனுப்பினால், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து தாய்மாமன் போன் போட்டிருக்கிறார். படித்தது போதும், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், இங்கே வீட்டோடு இருக்கட்டும் என்று.

என்னை வலைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். பஞ்சாயத்தார் மூன்று பேர் இருந்தார்கள். நடுவிலிருந்தவர் கையில் வலை ஊசி. நான் நின்றுகொண்டே, மூச்சுவிடாமல், அது நான் எழுதினது இல்லை, கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கிறது, ஏ.ஐ., அது எழுதினது என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு எங்க ஊட்டுப் புள்ளைய எப்புடிங்க தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

"சீலு?"

"நான்தான் குத்தினேன்."

"அப்பறம் என்னாங்க கம்ப்யூட்டரு எழுதிச்சு, கம்ப்யூட்டரு எழுதிச்சுன்னு" என்றார் பக்கத்திலிருந்தவர். "சரி, அது எழுதிச்சின்னா அதை வரச்சொல்லுங்க. ரெண்டு வார்த்தை கேட்டுக்குவோம்."

மூவரும் சிரித்தார்கள். வலை ஊசிக்காரர் மட்டும் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

"டீச்சரம்மா, நாங்களும் புள்ளைங்களப் படிக்க வெக்கிறவங்கதான். ஒன்னும் கொறஞ்சு போயிடல. தப்பா எழுதிட்டோம், இந்தப் புள்ள மேல குத்தமில்லன்னு ஒரு கடுதாசி. இதே மாதிரி சீல் குத்தி. ஞாயித்துக்கெழமை கூட்டத்துல அதே எடத்துல, அதே சத்தத்துல படிச்சிடறோம். அவ மாமன்கிட்ட நான் பேசறேன். முடிஞ்சுது."

இவ்வளவு சுலபமா என்று இருந்தது. வியாழக்கிழமை அது. ஸ்கூட்டரை எடுக்கும்போது அவள் வாசலுக்கு வந்தாள்.

"மிஸ், பிரிண்ட் எடுக்குறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?"

படித்தேன் என்றால் நான் கொடுமைக்காரி. படிக்கவில்லை என்றால் வேறு ஏதோ. "அவசரத்துல..." என்றேன்.

"ஓ" என்றாள். பிறகு, "எல்லாருக்கும் வேற வேறயா எழுதியிருக்கீங்கன்னு நாங்க பஸ்ஸுல பேசிக்கிட்டே போனோம் மிஸ்" என்றாள். குத்திக்காட்டுகிற குரல்கூட இல்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக மேடம் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிட வேண்டும். "ஐயோ பாவம்" என்று உண்மையாகவே சொன்னார். நான் டைப் செய்து எடுத்துப்போயிருந்த கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதுல சீல் குத்த முடியாதும்மா."

"மேடம், ரெண்டே வரிதான்."

"ரெண்டு வரிதான். தப்பா எழுதிட்டோம்னு ஸ்கூல் சீல் போட்டு ஒன்னு வெளியில போச்சுன்னா, மத்த நாப்பத்தோரு பேரும் உறையைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க. எம் புள்ளைக்கு எழுதினதும் தப்பான்னு. தனிக் கவனம், தனிக் கவனம்னு வாசல்ல எழுதி வெச்சிருக்கோம். மிஷின் எழுதிச்சுன்னு மேனேஜ்மென்ட்டுக்குத் தெரியுமா? நீ சொன்னியா? நான் சொல்லல."

நானும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாள் கேட்டது நான்தானே.

"நீ உன் கையால எழுதிக் குடு. டீச்சரே எழுதினா அவங்களுக்கு மரியாதைதான? சீல் மட்டும் வேணாம்." நான் கிளம்பும்போது, "உன் ஒப்பந்தப் பேப்பர் இந்த வாரம் மேல போகுது, ஞாபகம் வெச்சுக்க" என்றார். மிரட்டல் இல்லை அது. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

கையால் எழுத உட்கார்ந்தேன். ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்ததும் என் விரல் தானாகப் போய் அதே ஏ.ஐ.யைத் திறந்தது. ‘ஒரு மாணவியின் தாயாருக்கு மன்னிப்புக் கடிதம்’ என்று அடித்துமுடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அதற்குள் அது எழுதியும் முடித்திருந்தது. ஆழ்ந்த வருத்தம், மனமார்ந்த மன்னிப்பு, தங்கள் மகளின் ஒளிமயமான எதிர்காலம். எல்லாம் நன்றாகவே இருந்தது. மூடினேன். பேனாவை எடுத்தால் தமிழில் ஒரு பக்கம் தொடர்ந்து எழுதி எத்தனை வருடமோ, எழுத்து கோணிக்கொண்டு போனது. மூன்று தாள் கிழித்தேன். நாலாவதில், அவள் ஹார்பருக்கு வருவது உங்களோடு, பையன்கள் பெஞ்சுக்குப் போவது கணக்குச் சொல்லித் தர, இரண்டையும் நான்தான் சரியாக எழுதத் தவறினேன் என்று எழுதினேன்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. திருநள்ளாறு போகிற வெளியூர் வண்டிகளால் ரோடெல்லாம் நெரிசல். நிர்வாகி வீட்டு உறவினர்களைக் கோயிலுக்கு அழைத்துப்போக மேடம் பதினோரு மணிக்கே கிளம்பிவிட்டார். வருகைப்பதிவேட்டை வைக்க அவர் அறைக்குள் போனேன். யாரும் இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த டிராயரைப் பூட்டும் வழக்கமே கிடையாது. எனக்குத் தெரியும். இழுத்தேன். சீல் இருந்தது, பக்கத்தில் ஊதா மைப்பெட்டி. நாற்பத்திரண்டு தடவை குத்தின கை. இன்னும் ஒரு தடவை குத்த ஒரு நொடி ஆகாது. கடிதம் என் கைப்பையில் இருந்தது. மேஜை மேல், மேலே அனுப்ப வேண்டிய காகிதங்கள் ஒரு கிளிப்பில். முதலாவதில் என் பெயர்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வராந்தாவில் யாரும் வரவில்லை. யாராவது வந்திருந்தால், ஆள் வந்துவிட்டது, அதனால்தான் முடியவில்லை என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒருவரும் வரவில்லை. டிராயரை நானே மூடினேன். சத்தம் வராமல், மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை வலைக் கூடத்தில் வலை ஊசிக்காரர் என் கடிதத்தை வாங்கியதும் எழுத்தைப் பார்க்கவில்லை. தாளின் அடியைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"சீல் எங்கம்மா?"

"நானே என் கையால எழுதியிருக்கேங்க. முழுசா படிங்க, எல்லாம் இருக்கு."

"நீங்க எழுதியிருப்பீங்க. பள்ளிக்கூடம் ஒத்துக்கலன்னுதான அர்த்தம்?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? அவளுடைய மாமா ஓரமாக நின்றிருந்தார், சண்டைக்காரர் மாதிரிகூட இல்லை, பயந்த மனிதர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க கண்காணிக்கச் சொன்னீங்க. அதைத்தாங்க செய்யறோம்" என்றார். கடிதம் படிக்கப்பட்டது. சத்தமாக இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் அம்மா டி.சி. வாங்க வந்தார். மாமா ஊரில் பள்ளியில் சேர்ப்பார்களா என்று கேட்டேன். "பாக்கறேங்கறாங்க" என்றார். ஆண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. டி.சி. படிவத்தை நிரப்பும் வேலை வகுப்பாசிரியைக்கு. பெயர், பிறந்த தேதி, படித்த வகுப்பு. நடத்தை என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோருக்கும் எழுதுவதுதான், யோசிக்கவே வேண்டியதில்லை. ‘நன்று’ என்று எழுதினேன். மேடம் கையெழுத்துப் போட்டு, டிராயரை இழுத்து, சீலை எடுத்து, அழுத்தமாக ஒரு குத்து குத்தினார். கொஞ்சமும் தயங்கவில்லை. டி.சி. என்றால் சீல் உண்டுதானே.

அவள் அம்மா காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி மேலிருந்து கீழே வந்தார். அந்தக் கட்டத்தில் நின்றார். விரலால் சீலைத் தொட்டார். மை காயவில்லை, விரலில் ஒட்டியது.

"இதத்தான டீச்சர் கேட்டோம்" என்றார்.

மேடம் எங்கேயோ போன் பேச ஆரம்பித்தார். நான் அவள் அம்மாவோடு வாசல் வரை கூடப் போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஜூனில், நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியில், ‘வகுப்பறையில் ஏ.ஐ.’ என்று ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தச் சொன்னார்கள். நடத்தினேன். டீசல் பங்க் படத்தைக் காட்டினேன், அது எப்போதும் எடுபடும். யார் திருத்தினார்கள் என்று சொல்லவில்லை. முடிவில், "எதையும் பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாப் படிச்சிடுங்க" என்றேன். எல்லோரும் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு இளம் டீச்சர் கையைத் தூக்கி, "மிஸ், படிச்சுப் பாக்கறதுக்கும் ஒரு ஏ.ஐ. இருக்காமே?" என்றாள். கண்ணில் அப்படி ஒரு ஆர்வம். இருக்கிறது என்றேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு மொபெட் மறுபடி எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தது. இப்போதும் வருகிறது. எதிர்வீட்டில் நிற்கும், மூலை வீட்டில் நிற்கும். எங்கள் வாசலில் நிற்பதில்லை. நடந்தது எதையும் நான் வீட்டில் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை அம்மா கேட் வரை போய்க் கூப்பிட்டுவிட்டு வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள்.

"உங்க வூட்டுக்கு மீனு இல்லக்கான்னுட்டுப் போறாடி. கூடை நிறைய சங்கரா இருந்துச்சு, நான் பாத்தேன். நாம என்ன பண்ணோம் அவளுக்கு?"

நான் லேப்டாப்பில் திங்கட்கிழமைக்கான பாடக்குறிப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். "தெரியலம்மா" என்றேன்.